தொப்பூர் வில்லன்

“அஸ்கரி! மழை மிஷின் தயார். நாளைக்குக் காலையில ஓட்டிப் பாத்துடலாம். அந்தத் தொப்பூர் குப்புராஜ் மோப்பம் புடிச்சு வந்துடப் போறான், ஜாக்கிரதை!” என்றார் காசிம் மனைவியிடம்.

பழைய வால்வு ரேடியோக்களையும் தாமிரக் குடத்தையும் பின்னிப் பிணைத்திருந்த அந்த மிஷினைப் பார்த்ததும் அஸ்கரி பேகம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். மகன் நூர் பாஷா கண்ணுக்குத் தெரியாத சட்டை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, அதை எங்கே வைத்தோம் என்று மூலைமூலையாகத் தடவிக்கொண்டிருந்தான்.

காசிம் எதைச் செய்தாலும் உலகத்தை ஆளும் ஆசையில் குப்புராஜ் திருடிக்கொண்டு போய்விடுவான். பல வருடப் பகை.

வாசலில் லாரி வந்து நின்றது. குப்புராஜே இறங்கினான். முகத்தில் புருவமே இல்லை.

“பாய், மன்னிச்சுடுங்க. உங்க பறக்கும் கட்டில் எங்கூட்டுக் கூரையைப் பேத்துக்கிட்டுப் போயிடுச்சு. இட்லி மிஷின் வெடிச்சு புருவமும் போச்சு. உலகமும் வேணாம், ஒண்ணும் வேணாம். திருடினதையெல்லாம் கொண்டாந்துட்டேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேனுங்க.”

காசிம் அவனைக் கட்டிக்கொண்டார். “எல்லாத்தையும் உள்ளே எறக்குங்கப்பா! ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்துடலாம்!” என்று லாரிக்கு ஓடினார்.

அஸ்கரி அப்படியே சுவரில் சாய்ந்தாள். கண்ணீரைத் துடைத்தபடி குப்புராஜை ஓரமாக அழைத்தாள்.

“ஏண்ணே, நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்? ஒவ்வொரு தடவையும் நாயைக் கட்டிப்போட்டுட்டு, பின்கதவையும் தொறந்துதானே வச்சேன்?”