ஊதாப் பொட்டு

குருநகரில் மீன் விற்கும் அருமைநாயகிக்கு இடது மோதிரவிரல் நகத்துக்கடியில் வலி. ஐஸில் கை பட்டால் உயிர் போய்வரும்.

"ரெண்டு மாசமாய் யாவாரத்துக்குப் போகேல்லை ஐயா."

டொக்டர் நமசிவாயம் குண்டூசித் தலையால் நகத்தை இடம் இடமாக அழுத்தினார். ஓரிடத்தில் அவள் கையைப் பறித்துக்கொண்டாள். விறைப்பு ஊசி போட்டபின் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதலிலேயே ஊதா மையால் பொட்டு வைத்தார். நகத்தைக் கழற்றி, கடுகளவு சிவந்த கட்டியை எடுத்தார்.

"பயப்பிட ஒண்டுமில்லை. சாதாக் கட்டி."

அந்த மை அவருடைய இடது மோதிரவிரல் நகத்திலும் ஒரு பொட்டாகப் பட்டுவிட்டது. எத்தனை நாள் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மாரி தொடங்கியதும் காலையில் கிணற்றுத் தண்ணீர் அந்த விரலில் சுரீரென்றது. குளிர்தானே என்று விட்டுவிட்டார்.

அருமைநாயகி புது நகத்தோடு வந்தாள். அவள் கையை இடது கையில் ஏந்தி, பழைய இடத்தில் குண்டூசித் தலையை அழுத்தினார்.

"நோகுதோ?"

"இல்லை ஐயா."

கையைப் பறித்துக்கொண்டவர் டொக்டர்தான். யன்னல் வெளிச்சத்தில் தன் விரலைப் பிடித்துப் பார்த்தார். பொட்டு நகத்தின் மேல் இல்லை, அடியில் இருந்தது.

அவள் குனிந்து, விழுந்த குண்டூசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஐஸிலை மட்டும் கை வையாதேங்கோ ஐயா."