காற்றுக் கணக்கு

நான்காவது முறையாக அந்தத் தையல் கூடத்துக்கு என்னை அனுப்பினார்கள். காற்று வரவில்லை என்று அதே புகார். ஏணியில் ஏறி, கூரைக் குழாயின் வாயில் காற்றுமானியைப் பிடித்தேன். அதன் சின்னச் சக்கரம் விர்ரென்று சுழன்றது. வாயின் பரப்பை வேகத்தால் பெருக்கினேன். முப்பது பேருக்குத் தாராளமாகப் போதும்.

"இதுக்கு மேல என்னம்மா காத்து வேணும்?" என்று கீழே தைத்துக்கொண்டிருந்த சகாயமேரியிடம் கத்தினேன்.

"நீங்க இருக்கறப்ப நல்லாத்தான் சார் வருது. போனதும் நின்னுருது."

காற்றுக்கு என் முகம் தெரியுமா என்ன? மேற்பார்வையாளர் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டேன்.

"நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க. தினமும் எப்படி நடக்குமோ அப்படியே நடக்கட்டும்."

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய், ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தில் எனக்காகத் திறந்து வைத்திருந்த, அங்கிருந்த ஒரே கதவை இழுத்துச் சாத்தினார். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. என் கையில் சக்கரம் தளர்ந்து, தள்ளாடி, நின்றது. வெளியேற வழியில்லாத கூடத்துக்குள் காற்று எப்படி நுழையும்? நான்கு முறையும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அளந்திருக்கிறேன், முட்டாள்.

இறங்கி ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "கண்டுபிடிச்சிட்டேன், தெறங்க!"

"அஞ்சரைக்குத்தான் சார் தெறக்கணும்," என்றது துரைக்கண்ணுவின் குரல். "தினமும் மாதிரின்னு நீங்கதான சொன்னீங்க?"

அப்போது மணி இரண்டரை. ஒருவரும் தலை நிமிரவில்லை. சகாயமேரி மட்டும் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.