வாசலில் நின்ற வக்கீல்

அறுபத்து நாலு வயதில் வக்கீலுக்குப் படித்து முடித்து, கறுப்புக் கோட்டு மாட்டிய கமலக்கண்ணனைப் பார்க்க மூலக்குளத்தில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

“முதல் கேசு. எழுந்து நின்னா குரலே வராது போலிருக்கே, பூர்ணிமா!”

“வாய்தாதானே கேக்கப் போறீங்க? அதுக்கே இந்த நடுக்கமா?” என்றாள் மனைவி.

கோர்ட்டில் அவர் தண்ணீர் குடித்த வேகத்தைப் பார்த்து, பக்கத்திலிருந்த கட்சிக்காரர் முத்துவேல் தன் பாட்டிலையும் எடுத்து நீட்டினார்.

கேஸ் நம்பரைப் படித்தார்கள். கமலக்கண்ணன் எழுந்தார். நேரே வாசலுக்கு ஓடினார்.

“முத்துவேல்… முத்துவேல்… முத்துவேல்!”

கட்டடமே அதிர்ந்தது. உள்ளேயிருந்த முத்துவேல் பதறி எழுந்தார்.

முப்பத்தைந்து வருஷம் அதே வாசலில் டவாலி போட்டுக்கொண்டு பெயர் கூப்பிட்ட மனுஷன். பழக்கம் விடுமா?

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“குரல் நல்லாத்தான் இருக்கு. உள்ளே வந்து பேசுங்க, வக்கீல் சார்.”