தொப்பிக் கயிறு

2008 ஜூலை, மிசோரம். மலைச்சரிவில் கூடாரம் அடித்திருந்த ரோந்துப் படையின் மீது விடியற்காலையில் மண் சரிந்தது. புதைந்தவர்களில் இருவர் உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டார்கள்.

ஒருவனுக்குக் கால் நசுங்கியிருந்தது. அவனை முதலில் கீழே கொண்டுபோனார்கள்.

மற்றவன் எபநேசர். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வயிறு மட்டும் பலகைபோல இறுகிக்கொண்டே வந்தது.

கீழே சாலையில் வண்டி நின்றது. ஒருவனைத்தான் படுக்கவைக்க முடியும். வயர்லெஸ்ஸில் டாக்டர் சொன்னார்: கால் காத்திருக்கும், வயிறு காத்திருக்காது. எபநேசர் வந்து சேரும்வரை வண்டியை நிறுத்தி வையுங்கள்.

எபநேசரைத் தோண்டி எடுத்த மூத்த சிப்பாய் தன் போஞ்சோவைக் கழற்றினான். இன்னொருவனுடையதையும் வாங்கினான்.

பட்டாளத்து மழைப்போர்வை அது. நடுவில் தலை நுழைக்க ஓட்டை. ஓட்டையைச் சுற்றிக் கயிறு கோத்த தொப்பி. ஓரமெல்லாம் டிச் பட்டன். ஒன்றின் பட்டன் மற்றதில் பொருந்தும். இரண்டைச் சேர்த்தால் கூடாரம். சேர்த்ததில் இரண்டு மூங்கிலைச் செருகினால் டோலி.

எபநேசர் தன்னுடைய போஞ்சோவைப் போட்டபடியே டோலியில் கிடந்தான்.

நான்கு பேர் தூக்கினார்கள். மூத்தவன் தலைமாட்டில்.

மழை நேராக முகத்தில் இறங்கியது. மல்லாந்து கிடப்பவனால் திரும்ப முடியவில்லை.

“அண்ணே, தொப்பிய இழுத்து மூடுங்கண்ணே.”

“சும்மா கெட.”

“சாயம் போயிரும்ணே. ஊர்ல பொண்ணு பாத்து வச்சிருக்காவ. வெளுத்துப் போயி நின்னா மாப்ள மாறிட்டாம்னு சொல்லிருவா.”

“ஒன் கலருக்கு இந்த மழ பத்தாதுல.”

பின்னால் தூக்கியவன் சிரித்தான்.

மூத்தவன் மூடவில்லை.

தூக்கிப் போகிறவனின் முகத்தை மூடுவதில்லை. எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் படையில் எல்லோருக்கும் தெரியும். மூடியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சரிவில் மூங்கிலை ஒரு கையால் பிடித்து, மறு கையை எபநேசரின் நெற்றிக்கு மேல் குடைபோல் பிடித்தான். வழுக்கியது. டோலி சாய்ந்தது. கையை எடுத்துக்கொண்டான்.

கிளம்பும் முன் வலிக்குப் போட்ட ஊசி வேலை செய்யத் தொடங்கியது. எபநேசரின் பேச்சு நின்றது. இருமல் வந்தது. மூக்கில் தண்ணீர் இறங்கி, இருமும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தான்.

சத்தம் வெளியே வரவில்லை.

மூத்தவன் டோலியை இறக்கச் சொன்னான். தொப்பியை முகவாய்வரை இழுத்தான். உள்ளே மூச்சுக்கு இடம் விட்டு, கயிற்றைச் சுருக்கி முடிச்சுப் போட்டான்.

மறுபடி தூக்கினார்கள்.

இருமல் நின்றது.

மூங்கில் பாலத்தில் கீழிருந்து வேறு நான்கு பேர் வந்து தோள் மாற்றிக்கொண்டார்கள். வேறு கம்பெனி ஆட்கள். தூக்கி வந்தவர்கள் சேற்றிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். மூத்தவன் எல்லோருடைய துப்பாக்கிகளையும் வாரித் தோளில் போட்டுக்கொண்டு டோலியின் பின்னால் நடந்தான்.

புதிதாக வந்தவர்களில் ஒருவன் மழையிலும் தன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளித் தலையைத் திறந்துகொண்டான். காது நன்றாகக் கேட்பதற்காக இருக்கும் என்று மூத்தவன் நினைத்தான்.

அவர்கள் மெதுவாக நடந்தார்கள். டோலியைக் கொஞ்சமும் ஆட்டவில்லை. கவனமான ஆட்கள் என்று நினைத்தான்.

சேறு அவன் பூட்ஸைப் பிடித்து இழுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினான்.

கடைசி வளைவுக்கு மேலே நின்று பார்த்தபோது சாலை தெரிந்தது. வண்டி தெரிந்தது. வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆள் டோலியைப் பார்த்து ஏதோ கேட்டான். முன்னால் தூக்கியவன் தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

வண்டியின் பின்கதவைத் திறந்தார்கள்.

கால் நசுங்கியவனை ஏற்றினார்கள்.

மேலே நின்ற மூத்தவன் கத்தினான். மழை இரைந்தது. துப்பாக்கிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினான், விழுந்தான், எழுந்து மறுபடி ஓடினான்.

அவன் சாலையைத் தொட்டபோது டயர் தடத்தில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது.

டோலியைத் தகரக் கொட்டகையின் ஓரமாக, யார் காலும் படாத இடத்தில் மரியாதையாக வைத்திருந்தார்கள்.

முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. விரலுக்குப் பிடி கொடுக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

தொப்பி விலகியது. முகம் நனையாமல் இருந்தது. கண் திறந்தது.

“வண்டி வந்துட்டாண்ணே?”

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். வண்டி ஓடையைத் தாண்டிப் போயிருந்தது. திரும்பி வருவதற்குள் ஓடை பாலத்துக்கு மேலே ஓடியது.

மாலையில் வெள்ளம் வடிந்தபின் வண்டி வந்தது. மழை விட்டிருந்தது. தொப்பிக் கயிறு மறுபடி கட்டியிருந்தது.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். டீ கிடைக்குமா என்று கேட்டார்.