அமுக்காத குறட்டை

"ஏனுங்க, இந்தக் கொறட்டையை அமுக்காத பைலா மாத்தித் தர முடியுங்களா?"

அறிவுச்செல்வி இப்படிக் கேட்டதும் சண்முகப்பிரியா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவள் பாட்டுப் பதிவுக் கடை வைத்து ஆறு வருடமாகிறது. நோம்பிப் பாட்டு, கல்யாணப் பாட்டு, ஓட்டுக் கேட்கும் பாட்டு என்று எல்லாவற்றையும் மாற்றித் தந்திருக்கிறாள். குறட்டைக்கு ஆள் வந்தது இதுதான் முதல் தடவை.

"யாரு கொறட்டைங்க்கா?"

அறிவுச்செல்வி பின்னால் நின்ற கணவனை மோவாயால் காட்டினாள். தனபால் கடை வாசலில் தொங்கிய ஹெட்போன்களை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். தனபால் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போகிறவன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை லீவில் வருவான். அவன் அனுப்பிய சம்பளத்தில்தான் படுக்கை அறைக்கு ஏசி வந்தது. இந்த லீவில் அவன் வந்த மூன்றாம் நாளே, குறட்டை தாங்க முடியவில்லை என்று அந்த ஏசி அறையிலிருந்து அவனை ஹாலுக்குத் துரத்திவிட்டாள் அறிவுச்செல்வி. சித்திரை வெயிலில் ஹாலில் படுப்பது என்னவென்று படுத்தவனுக்குத்தான் தெரியும். நான் குறட்டையே விடுவதில்லை என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். அவள் போனில் பதிந்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினாள். அதற்கும் அவனிடம் ஒரு சாக்கு இருந்தது.

"எம்பி த்ரீங்கறது அமுக்கிப் பதியறது புள்ள" என்றான் இப்போதும். "அமுக்கறப்ப சத்தம் நசுங்கிப் போயிரும். பூனை மூச்சு உட்டாக்கூட லாரியாட்டம் கேக்கும். அமுக்காத வேவ் பைல்ல போட்டுக் காட்டு, ஒத்துக்கறேன்."

சண்முகப்பிரியா உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

"மாத்தறது சுளுவுதானுங்க்கா. ஆனா அமுக்கறப்பப் போனது போனதுதான், திரும்பி வராது. பைலு மட்டும் பெருசாகும். மொளகா வத்தலைத் தண்ணில ஊறப்போட்டா உப்பும், அதுக்காகப் பச்சை மொளகா ஆயிருமுங்களா? இப்பக் கேக்கற மாதிரியேதான் கேக்கும்."

"அதேதான் வேணும். இவரு வாயை அடைக்கோணும், அவ்வளவுதான்."

"இதுல பதினொரு பைலு இருக்குதுங்களே?"

"நாலாவதைப் போடு கண்ணு. எல்லாத்தையும் கேட்டுப் பொறுக்கி எடுத்தது. சத்தம் வந்தாத் தானாப் பதியற ஆப் அது. லீவுக்கு வர்றேன்னு இவரு சொன்ன அன்னைக்கே ஏத்தி வெச்சேன், பத்து நாளாத் தலைமாட்டுலயே போனை வெச்சுத்தான் படுக்கறேன்." அறிவுச்செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வெளிய இருக்கற பெரிய ஸ்பீக்கர்லயே போடு."

"ரோட்டுக்கே கேக்குமுங்க்கா."

"கேக்கட்டும்."

தனபால் பதறினான். "அது எதுக்குப் புள்ள? ஹெட்போன்ல கேட்டாப் பத்தாதா?"

"ஏனுங்க, பயமா இருக்குதுங்களா?"

நாலு எம்பி பைல் கண்ணெதிரே நாற்பது எம்பியாக உப்பியது. ஸ்பீக்கரில் குறட்டை கிளம்பியது. முதலில் ஒரு நீண்ட இழுவை. பிறகு திடீரென்று ஒரு நிறுத்தம். ஆள் இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்பவர் கவலைப்படும் நேரத்தில் ஒரு சீறல், அதன் வாலில் ஒரு விசில். கரூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். வெற்றிலைக் கூடையோடு நின்ற ஒரு அம்மா, "இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கற சீவன் யாரோ, பாவம்" என்று உச்சுக் கொட்டினாள்.

அறிவுச்செல்விக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நான்தானுங்க அந்தச் சீவன். மூணு வருசமா" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். "இது பூனை மூச்சுங்களா?"

"கொறட்டைதான்" என்றான் தனபால். "ஒத்துக்கறேன். ஆனா அது..."

"ஆனா என்னங்க ஆனா? ஊட்டுல இருக்கறதே நாம ரெண்டு பேரு. கொறட்டை உடறவங்க ஹால்ல, உடாதவங்க ஏசில. இந்த அம்மா சாட்சி. சம்மதமுங்களா?"

அவன் தலையாட்டினான். மிச்சமிருக்கும் லீவு முழுக்க வேர்வையில்தான் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. அறிவுச்செல்விக்குக்கூட ஒரு கணம் பாவமாக இருந்தது. ஏசிக் காற்றை நினைத்ததும் அந்தப் பாவம் பறந்துவிட்டது.

"பென் டிரைவ்ல போட்டுத் தாரனுங்க்கா" என்றாள் சண்முகப்பிரியா. "ஒண்ணே ஒண்ணு. மாத்தின பைலுக்கு இன்னைக்குத் தேதி உழுந்துரும். நாளைக்கு அண்ணன் வேற ஏதாவது சொல்லிரக் கூடாதில்லீங்க? பழைய பைல்ல பதிஞ்ச தேதி இருக்குது, அதையே பேரா வெச்சரட்டுங்களா?"

"நல்லா வை கண்ணு. சத்தமாப் படிச்சுட்டே வை, அவரும் கேக்கட்டும்."

"ஏப்ரல் ஒன்பது. ராத்திரி ரெண்டு மணி பத்து நிமிசம்."

தனபால் விரலை மடக்கி எண்ணினான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். பிறகு பென் டிரைவைத் தானே வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டான்.

"ஒன்பதாந் தேதி ராத்திரி நான் ராய்ப்பூர்ல ரிக் வண்டி மேல கொசுக்கடில படுத்திருந்தேன், ஊட்டுக்கு வந்து சேந்ததே பதிமூணாந் தேதி" என்றான் மனைவியிடம் வெகு பரிவாக. "ஹால் ஃபேனை நாலாம் நம்பர்ல வெச்சுக்க புள்ள, அப்பத்தான் கொஞ்சமாச்சும் காத்து வரும்."