இரவல் காது

“ஓடுன்னு சத்தம் கேட்டா, போட்டது போட்டபடி கெடக்க ஓடிரணும். காது மந்தமானவுக யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க, வீட்டுக்கு அனுப்பி வச்சிருவோம்.”

பட்டாசு ஆலையின் போர்மேன் சின்னச்சாமியின் உதட்டை விட்டுப் பொன்மணி கண்ணை எடுக்கவில்லை. இப்படிக் கேட்டால் எவள்தான் கை தூக்குவாள்? மற்ற பெண்கள் இல்லையென்று தலையை ஆட்டியதும் அவளும் ஆட்டினாள்.

டிபிக்குப் போட்ட ஊசி உயிரைக் கொடுத்துவிட்டுக் காதைப் பிடுங்கிக்கொண்டது. காது இரைந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று நர்சம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். விடிந்தால் வெடி போட்டுப் பார்க்கிற ஊரில் யாருக்குத்தான் காது இரையவில்லை என்று இவள் பேசாமல் இருந்துவிட்டாள். போனது போனதுதான்.

வேலையை விட்டால் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும். புருஷன் போன பிறகு அவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். அதனால் குழாயில் வெடிமருந்து செலுத்தும் அறையில் அய்யம்மாளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். அந்தச் சின்ன அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அய்யம்மாள் எழுந்து ஓடினால் தானும் பின்னாலேயே ஓடிவிடலாம்.

அய்யம்மாள் நல்ல மனுஷி. வெட்டிப் பேச்சு கிடையாது. கை வேலையில் இருந்தாலும், பெற்ற மகளைப் பார்ப்பதுபோல அடிக்கடி இவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அந்தப் பார்வைதான் பொன்மணியைக் குத்திக்கொண்டே இருந்தது. இப்படிப் பாசம் காட்டுகிறவளிடம் மறைப்பது பாவமாகப் பட்டது. அன்றைக்குச் சாப்பாடு முடிந்து வேலையில் உட்கார்ந்தவள், கையை நிறுத்தி அய்யம்மாளின் தோளைத் தொட்டாள்.

“அக்கா, ஒங்ககிட்ட ஒண்ண மறைச்சிட்டேன். டிபி ஊசி போட்டதுல எனக்கு ரெண்டு காதும் போச்சு. நீங்க எந்திரிச்சா ஓடிரலாம்னுதான் இங்கன வந்து உக்காந்தேன்.”

அய்யம்மாள் இவள் வாயையே பார்த்தாள்.

“என்ன சொல்ற? மெதுவாச் சொல்லு.”

பொன்மணி திரும்பவும் சொன்னாள். அய்யம்மாளின் கையிலிருந்த வெடிக்குழாய் நழுவி மடியில் விழுந்தது.

“அடி பாவி மகளே, எனக்கும் அதே ஊசிதாண்டி. ஒன்னய நம்பித்தான நானும் இங்கன உக்காந்திருக்கேன்.”

பொன்மணி திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள். எதிர் அறை வாசலில் செருப்புகள் மட்டும் கழற்றிப் போட்டபடி கிடந்தன, உள்ளே ஒருவரும் இல்லை, அதன் கூரையில் பற்றிய தீ இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.