நெற்றிப் பிளாஸ்திரி

கண் முகாமில் எந்தக் கண்ணுக்கு லென்ஸ் வைக்க வேண்டுமோ, அந்தப் புருவத்துக்கு மேலே வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டுவார்கள். ராமாத்தாளுக்கு வலது பக்கம் ஒட்டினார்கள். கோயமுத்தூரில் லென்ஸ் வைத்து, பிளாஸ்திரியை உரித்துப்போட்டு, உடுமலைக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போனாள். களத்துக்காரர் கந்தப்பனின் இடது புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி இருந்தது.

"ஏனுங்க, நீங்களும் லென்ஸ் வெக்கப் போறீங்களா?"

"எனக்கென்ன கேடு ராமாத்தா? உம்பட புதுக்கண்ணுதான் பொய் சொல்லுது" என்று அவர் சிரித்தார்.

மத்தியானம் மட்டை உரிக்கையில் சிம்பு தெறித்து அவருடைய இடது கண் போயிற்று.

அடுத்த வாரம் லாரிக்கார ரூபனுக்கு வலது பக்கம் ஒட்டியிருந்தது. சாயங்காலம் கயிறு அறுந்து அடித்ததில் அவனுக்கு வலது கண் போயிற்று.

இன்று காலையில் மகள் பொற்கொடி சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு களத்துக்குக் கிளம்பினாள். அவளுக்கு இரண்டு புருவத்துக்கும் மேலே பிளாஸ்திரி இருந்தது.

ராமாத்தாள் அவள் கையை எட்டிப் பிடித்தாள். முந்தானையை நனைத்து நெற்றியை அழுத்தித் தேய்த்தாள்.

"உடும்மா, நேரமாச்சு. வெறும் நெத்தியில என்னத்தத் தேய்க்கறே? பொட்டு அழியுது பாரு!"

பொட்டு அழிந்தது. பிளாஸ்திரி இரண்டும் அப்படியே இருந்தன.